அருவி என்றால் வாயைப் பொத்துகிறான்

1

இங்கே எங்கள் ஆட்கள் பல்வலியை ஊருக்குப் போகும்வரை தள்ளிப்போடுவார்கள். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் வரும் சின்ன ஊர் இது. இங்குள்ள ஒரு ஓட்டலில் நான் தோசை மாஸ்டர். சமையலறையில் எங்களோடு நிற்கும் எல்லோருமே ஒரு பக்கமாக மென்று பழகியவர்கள்தான். சட்டைப் பையில் கிராம்பு இருக்கும். அரசாங்கக் கட்டணத்தில் புதிதாக நோயாளி சேர்த்துக்கொள்ளும் பல் டாக்டர் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை. தனியாரிடம் போக எங்களுக்குக் கட்டாது. அதனால் பல்லையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவோம். தென்காசியில் தெருவுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. காலையில் போனால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

போன வருடம் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று தொந்தரவு கொடுத்தது. இங்குள்ள பல் ஆஸ்பத்திரியில் ஒரு எண்ணைக் கொடுத்து, காலையில் கூப்பிடச் சொன்னார்கள். கூச்சத்தை விட்டுக் கூப்பிட்டேன். எனக்குப் பல் வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்ல நினைத்தேன். எனக்குப் பல் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள், சிரிக்கவில்லை. காத்திருப்போர் வரிசையில் பெயரைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றாள். அந்த வரிசை இன்றுவரை நகரவில்லை.

எங்கள் கடைக்கு வெள்ளைக்கார அம்மா ஒருத்தி மகனோடு வருவாள். எப்போதும் களைத்த முகம். மகனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். உருவம் பெரியது, மனது சிறு பிள்ளையினுடையது. பேச்சு அதிகம் கிடையாது. கைகளை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பான். சனிக்கிழமைகளில் கல்லாவில் உட்காரும் என் மகள் மீனா ஒருநாள் அவர்களிடம் பேசிவிட்டு உள்ளே வந்தாள்.

"அப்பா, அவங்க பல் டாக்டர்கிட்ட போயிட்டு வராங்க. இன்னைக்கு அவன் சேர்ல உக்காந்தானாம். அதுக்குத்தான் பேப்பர் ரோஸ்ட்."

"உக்காந்தானா? பல்லுக்கு என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. போன தடவை கதவு வரைக்கும் போனான். அதுக்கு முந்தின தடவை காரை விட்டே இறங்கல. இது மாதிரி ஆளுங்களுக்குன்னே தனியா டாக்டர் இருக்காங்க. அந்த இடம் கிடைக்கவே ரொம்ப நாள் காத்திருந்தாங்களாம்."

எனக்கு அது விளங்கவில்லை. ஒரு டாக்டர், ஒருவன் நாற்காலியில் உட்காருவதைப் பார்ப்பதற்காக நேரம் ஒதுக்குகிறாரா? தோசையைத் திருப்பிப் போட்டேன். என் தம்பி இசக்கியின் நினைவு வந்தது.

2

இசக்கி நாற்பதைத் தாண்டியவன். தென்காசிக்குப் பக்கத்தில் இலத்தூரில் எங்கள் வீட்டில் இருக்கிறான். அவனுக்கு என்ன குறை என்று யாரும் ஒரு பெயர் சொன்னதில்லை. பிறந்தபோதே அப்படி என்பார்கள், அவ்வளவுதான். அரசாங்கம் கொடுத்த அட்டையில் சதவீதம் போட்டிருக்கிறது, அதிலும் பெயர் விளங்கவில்லை. மீனா என்னிடம் ஒருமுறை, "சித்தப்பாவுக்கு என்ன டயக்னோசிஸ்?" என்று கேட்டாள். அந்த வார்த்தை எனக்குப் புரிவதற்கே நேரமாயிற்று. "அவன் இசக்கிம்மா" என்றேன். அவள் கைபேசிக்குத் திரும்பிவிட்டாள். மூன்று வயதில் இங்கே வந்த பிள்ளை. அவனைப் பார்த்தது அவளுக்கு நினைவில்லை.

இசக்கியின் வாய்க்குள் விரல் விட முடிந்தவர் எங்கள் அம்மா ஒருத்திதான். தினமும் காலையில் அவனை முற்றத்துக் கல்லில் உட்கார வைப்பாள். பற்பொடியைத் தன் விரலில் தொட்டு, அவன் தலையைத் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டு தேய்த்துவிடுவாள். அவன் கண்ணை மூடிக்கொள்வான். வேறு யார் கை கன்னத்தில் பட்டாலும் எழுந்து ஓடிவிடுவான். அம்மா போன வருடம் ஆடியில் இறந்தாள். அதன் பிறகு அவன் வாய்க்குள் யாரும் கை வைக்கவில்லை. இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. சாப்பாடு, துணி, மாத்திரை எல்லாவற்றையும் யார் பார்ப்பது என்று பேசி முடிவு செய்தோம். பல் என்று ஒன்று இருப்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

இந்த வருடம் வைகாசியில் தங்கை பேச்சி கூப்பிட்டாள். இசக்கியைப் பார்த்துக்கொள்வது அவளும் அவள் வீட்டுக்காரர் சுப்பையாவும்தான். சுப்பையா ஆட்டோ ஓட்டுகிறார்.

"எண்ணே, சின்னண்ணன் சோறு திங்க மாட்டேங்கான். கன்னம் வீங்கிக் கெடக்கு. தொட்டாக் கத்துதான். தலையைச் செவுத்துல கொண்டு மோதுதான்ணே."

"டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனீங்களா?"

அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "கூட்டிட்டுப் போனோம்ணே. நீ வா, சொல்லுதேன்" என்றாள்.

அம்மாவின் வருடத் திதிக்கு எப்படியும் ஆடியில் போக வேண்டும். கொஞ்சம் முன்னதாகவே விடுப்பு கேட்டேன். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார். மீனாவுக்கு வேறு வேலை இருந்தது. என் மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகத்தான் போனேன்.

3

வீட்டுக்குள் நுழைந்ததும் இசக்கி வந்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான். அதுதான் அவன் வரவேற்பு. முகம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வெளியே நல்ல சாரல். என் வாயில் தானாக வந்தது, "அருவிக்குப் போவமாலே?"

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். சுவரில் முட்டி நின்றான்.

நான் ஒன்றும் புரியாமல் பேச்சியைப் பார்த்தேன். அருவி என்ற சொல்லுக்கு அவன் எப்படிக் குதிப்பான் என்று எனக்குத் தெரியும். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் காலையிலேயே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பவன்.

சுப்பையா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "மச்சான், பல்லு ஆஸ்பத்திரின்னு சொன்னா ஏறுவானா? அருவிக்குப் போவோம்லேன்னேன். துண்டைத் தூக்கிப் போட்டுக்கிட்டு எனக்கு முந்தி வண்டியில உக்காந்துட்டான். தென்காசியில ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு நிப்பாட்டினேன்."

"அப்புறம்?"

"ரெண்டு பேரு கையைப் பிடிச்சாங்க. நான் காலைப் பிடிச்சேன். டாக்டரு வாயைத் தொறக்கப் பாத்தாரு. வெரலைக் கடிச்சிட்டான். பாவம், அவரு என்ன செய்வாரு. இங்க முடியாது, மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும், திருநெல்வேலிக்குப் போங்கன்னுட்டாரு."

"போனீங்களா?"

"ஆட்டோவைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில போயிருதான். எங்க போக?"

பேச்சி அழ ஆரம்பித்தாள். "அவனுக்கு இருந்தது அது ஒண்ணுதான்ணே. அதையும் கெடுத்துட்டோம்."

யாரையும் ஏச எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைக் கடைக்குப் போவோம் என்று சொல்லி ஊசிக்குக் கூட்டிப்போகாத வீடு எங்கள் பக்கம் எது? அந்தப் பிள்ளை பிறகு வளர்ந்து, அது பொய் என்று தெரிந்து, சிரித்து மறந்துவிடும். இசக்கிக்கு அந்த வசதி இல்லை. அவனிடம் இருப்பது பத்துப் பதினைந்து சொற்கள். அதில் ஒன்றைப் பல்லுக்காக எடுத்துச் செலவழித்துவிட்டார்கள்.

4

முதலில் அருவி என்றால் அருவிதான் என்று காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில் போனோம். தென்காசியில் மாறி, குற்றாலம் பஸ்ஸில் ஏறினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இசக்கி வாயைப் பொத்தினான். மேலகரம் தாண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டான். கை தானாக இறங்கியது.

அப்பா இருந்த காலத்திலிருந்தே குற்றாலத்தில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. எண்ணெய் தேய்த்துவிடுகிறவரின் பலகையில் முதலில் அப்பா படுப்பார். அவர் எழுந்ததும் நான், நான் எழுந்ததும் இசக்கி. முந்தினவர் எழும்பும்வரை அவன் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான். பலகை காலியானதும் ஏறி மல்லாந்துவிடுவான். தலையில், நெற்றியில், கன்னத்தில் எல்லாம் எண்ணெய்க் கை போகும், ஒன்றும் சொல்ல மாட்டான். அன்றும் அப்படியே நடந்தது. வீங்கிய கன்னத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். பிறகு கூட்டத்தில் ஒருவனாக அருவிக்குள் போய் நின்றான். வெளியே இழுக்கப் பெரும்பாடு பட்டேன்.

திரும்பும் வழியில், குற்றாலம் ரோட்டிலேயே, ஒரு மருந்துக் கடையை ஒட்டிப் புதிதாக ஒரு பல் ஆஸ்பத்திரி கண்ணில் பட்டது. மறுநாள் நான் மட்டும் போனேன். ரொம்ப நேரம் எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். மேஜையில் இருந்த பெண் கேட்டாள்.

"யாருக்கு அண்ணாச்சி பாக்கணும்?"

"எனக்கு ஒரு பல்லு எடுக்கணும். தம்பிக்கு... தம்பி சும்மா உக்காரணும்."

"உக்காரவா? உக்காருததுக்கு டோக்கன் போட மாட்டமே அண்ணாச்சி."

திரும்பிப் போய்விடலாம் என்று கதவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். சின்ன வயது. என்ன விஷயம் என்று கேட்டார். கடித்தது, பொய் சொன்னது, இங்கிலாந்தில் அந்த அம்மாவின் மகன் நாற்காலியில் உட்கார்ந்ததற்குத் தோசை சாப்பிட்டது எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. இந்த மாதிரி ஆளுகளை நான் அதிகம் பாத்ததில்ல. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூட்டம் இருக்காது. அப்பக் கூட்டிட்டு வாங்க. எங்க வாறோம்னு உள்ளதைச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. வீக்கத்துக்கு இப்பம் மருந்து எழுதித் தாறேன்."

மாத்திரையைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. கஞ்சி குடித்தான்.

செவ்வாய்க்கிழமை உள்ளதைச் சொன்னோம். "பல்லு டாக்டருலே. சும்மா இருந்துட்டு வருவோம்." வாயைப் பொத்திக்கொண்டேதான் பஸ்ஸில் வந்தான். ஆஸ்பத்திரிப் படிக்கட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். நானும் பேச்சியும் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மருந்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, பொண்ணு கேட்டு வந்தவுக மாதிரி வாசல்லயே உக்காந்துட்டீய?" என்றார்.

"மாப்பிள்ளைக்குக் கூச்சம்" என்றாள் பேச்சி. அவளுக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வருகிறதோ.

டாக்டரம்மா ஒரு தடவை வெளியே வந்தார். முகக் கவசத்தைக் கழற்றி இசக்கிக்குத் தன் முகத்தைக் காட்டினார். "அடுத்த செவ்வாய் பாப்பமா?" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு படிக்கட்டுக்காக ஒரு முழு நாள். என் விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. வீடு திரும்பும்போது கால் வலித்தது. இங்கிலாந்து அம்மாவின் களைத்த முகம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

5

அடுத்த செவ்வாய் காலையில் அருவிக்குப் போய்விட்டு மதியம் அங்கே போனோம். இசக்கி குளித்த களைப்பில் இருந்தான். தோளில் ஈரத் துண்டு. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான், பேச்சி பக்கத்தில் இருந்தாள். நான் என் பல்லை எடுக்க உள்ளே போய் நாற்காலியில் படுத்தேன். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார் டாக்டரம்மா.

ஊசி போட்டு மரத்த பிறகு இழுத்தார். வலி இல்லை, சத்தம்தான் அதிகம். பஞ்சைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தால் இசக்கி என் பக்கத்தில் நிற்கிறான். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. என் உதட்டோரத்து ரத்தத்தைப் பார்த்தான். தன் உள்ளங்கையை எடுத்து என் வாயின் மேல் வைத்துப் பொத்தினான். எண்ணெய் வாசனை அடித்தது. எத்தனையோ வருடமாக யாரும் எனக்காக அப்படி ஒன்று செய்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கையை மெல்ல எடுத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

நாற்காலி காலியானது. இசக்கி அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி என்னிடம் தந்தான். துண்டை இடுப்பில் கட்டினான். ஏறி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பேச்சிதான் வாசலில் இருந்தபடி மெதுவாகச் சொன்னாள், "அண்ணன் எந்திச்சுட்டாம்லா. இப்பம் அவன் முறை. எண்ணெய்க்குப் படுத்திருக்கான்."

டாக்டரம்மா முதலில் விழித்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "எண்ணெய் இருக்கா?"

பையில் மிச்ச எண்ணெய்க் குப்பி இருந்தது. "சேர் பாழாப் போயிருமே" என்றேன், பஞ்சோடு.

"தொடச்சுக்கிடலாம் அண்ணாச்சி."

பேச்சி அவன் தலைமாட்டில் நின்று உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். நெற்றிக்கு வந்தாள், கன்னத்துக்கு வந்தாள். தாடையை அம்மா பிடிப்பதுபோல் பிடித்தாள். வாய் கொஞ்சம் திறந்தது. டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். அவன் ஒருதரம் முனகினான். உடனே கண்ணாடியை எடுத்துவிட்டார். மறுபடியும் தேய்க்கச் சொல்லி, மறுபடியும் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை.

வெளியே வந்து சொன்னார். "பின்பல்லு நாலு போயிட்டுது. இங்க எடுத்தா ஊசிக்கே எந்திச்சுருவாரு. இம்புட்டு நாள் சேத்த நம்பிக்கையும் போயிரும். திருநெல்வேலியில என் கூடப் படிச்ச டாக்டர் இருக்காங்க. மயக்க டாக்டரும் அங்க உண்டு. நான் பேசுதேன். தேதி கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும்."

தேதி கிடைத்தது, என் விமானத்துக்கு இரண்டு வாரம் கழித்து. திதி கொடுத்துவிட்டு, ஒரு பல் குறைவாக நான் கிளம்பினேன். என் பல்லை எடுக்க அரை மணி நேரம். அவன் பல்லைப் பார்க்கவே எனக்குக் கிடைத்த விடுப்பு முழுவதும். கிளம்பும்போது இசக்கி என் பொத்தானை விடவில்லை. பேச்சிதான் விரல் விரலாக எடுத்துவிட்டாள்.

6

இசக்கிக்குப் பல் எடுக்கும் நாள் வந்தது, இங்கே மதிய நேரம். கல்லில் மூன்று தோசை. பேச்சியின் குரல் பதிவு வந்தது. ஒரு கையில் கரண்டியோடு கேட்டேன்.

"எண்ணே, காலையில எங்க வீட்டுக்காரரு உள்ளதைச் சொல்லிட்டாரு. இன்னைக்கு அருவி இல்லலே, பல்லு எடுக்கப் போறோம், அண்ணனுக்கு எடுத்தாங்கள்லா, அதே மாதிரின்னாரு. வாயைப் பொத்திக்கிட்டு வாசல்லயே நின்னான். ரொம்ப நேரம் நின்னான்ணே. நாங்க யாரும் இழுக்கல. பொறவு அவனாப் போயி ஆட்டோவுல ஏறிட்டான். பொத்தின கையை மட்டும் எடுக்கல. அப்படியே திருநெல்வேலி வந்துட்டோம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. முழிச்சுட்டான்."

ஒரு தோசை கருகிவிட்டது. அதை ஓரத்தில் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கரண்டி மாவை ஊற்றினேன்.

இப்போது பேச்சி தினமும் காலையில் எண்ணெய் வைத்து அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு மீதிப் பல்லைத் தேய்த்துவிடுகிறாள். சில நாள் நடக்கிறது, சில நாள் ஓடிவிடுகிறான். செவ்வாய்க்கிழமை மதியம் குற்றாலம் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு இப்போது ராயகிரியிலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவருகிறாளாம். அந்தப் பெண் இன்னும் படிக்கட்டைத் தாண்டவில்லை. மருந்துக் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறாராம்.

புண் ஆறும்வரை அருவி கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆறியபோது சீசன் முடிந்து பாறைதான் தெரிந்தது. பிறகு ஐப்பசி மழையில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டார்கள். இசக்கிக்குச் சீசனும் தெரியாது, தடையும் தெரியாது. சுப்பையா ஒவ்வொரு நாளும், "இன்னைக்கு இல்லலே" என்று உள்ளதைச் சொல்லிவந்தார். இப்போதெல்லாம் அவனிடம் பொய் சொல்ல அந்த வீட்டில் எல்லோருக்கும் பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை தடையை எடுத்துவிட்டார்கள். வீடியோவில் கூப்பிட்டார்கள். நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டிருந்த மீனாவும் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஹாய் சித்தப்பா" என்று கை அசைத்தாள். அவன் அவளை யாரென்று அறியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் சுப்பையாவின் ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"எங்கலே போற? அருவிக்கா?" என்றேன்.

அவன் கை மேலே எழும்பியது. மீனா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. கை தாடை வரை வந்து நின்றது. வாயைத் தொடவில்லை. அப்படியே தோளுக்குப் போய், துண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.